அழிக்கட்டுமா வேண்டாமான்னு என்னைக் கேட்டா?

விண்டோஸ்ல ஒரு மென்பொருளைத் தூக்கும்போது பழைய அன்இன்ஸ்டாலர்கள் பாதியில நின்னு ஒரு கேள்வி கேக்கும். இந்தக் கோப்பை இப்ப யாரும் பயன்படுத்துற மாதிரி தெரியலை, அழிச்சிரட்டுமா? கூடவே, அழிச்சா வேற ஏதாவது படுத்துக்கலாம்னு ஒரு மிரட்டல். அடப்பாவிகளா, எழுதின உங்களுக்கே தெரியாதது எங்க அப்பாவுக்கு எப்படிய்யா தெரியும்?

பொதுவுல கிடக்குற டிஎல்எல் ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்ட்ரில, ஷேர்டுடிஎல்எல்ஸ்ங்கிற இடத்துல ஒரு எண்ணிக்கை இருக்கும். நிறுவுறவன் ஒண்ணு கூட்டணும், நீக்குறவன் ஒண்ணு கழிக்கணும். பூஜ்யம் ஆச்சுன்னா கோப்பு அனாதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட்டாமலே கோப்பைக் கொண்டுவந்து போட்டவன், முறையா நீக்காம ஃபோல்டரை மட்டும் டெலீட் பண்ணவன்னு ஆளாளுக்குக் கை வச்சதுல, அது நம்மூர் வாக்காளர் பட்டியல் மாதிரி ஆயிருச்சு. செத்தவர் பேர் இருக்கும், உயிரோட இருக்கிறவர் பேர் இருக்காது.

இதுக்கு வழியே இல்லையான்னா, இருந்தது. விண்டோஸ் 2000 கூடவே வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர், எந்தப் பாகத்தை எந்த மென்பொருள் பயன்படுத்துதுன்னு ஆள் அடையாளத்தோட எழுதி வச்சது. வெறும் எண்ணிக்கை இல்லை. அதை ஒழுங்கா பயன்படுத்தாதது நம்ம இனம்தான், டெவலப்பர் இனம்.

இந்தச் சந்துல புகுந்ததுதான் ரெஜிஸ்ட்ரி க்ளீனர் கோஷ்டி. மைக்ரோசாஃப்டே விண்டோஸ் இன்ஸ்டாலர் க்ளீனப் யுட்டிலிட்டின்னு ஒண்ணு வச்சிருந்து, அது மத்த பாகங்களையும் கெடுக்குதுன்னு 2010-ல திரும்ப வாங்கிக்கிச்சு. உள்ளே இருக்கிறவனுக்கே இந்த கதி. வெளியாள் ஒரே க்ளிக்ல சுத்தம் பண்ணித் தர்றானாம்!

கன்ட்ரோல் பேனல்ல விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2008, 2010, 2013னு வரிசையா நிக்குதேன்னு கடுப்பாகாதீங்க. 2010-ஐத் தூக்கினா, அதை நம்பி இருக்கிற புரோகிராம் எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் காணோம்னு ஒப்பாரி வைக்கும். சில எம்பிதான், கிடந்துட்டுப் போகட்டும். இருந்தா இடத்தை மட்டும்தான் அடைக்கும்.

எரிச்சல் வர்றது, மிச்சமா நின்னு ஓடிக்கிட்டே இருக்கிற சமாச்சாரத்துல: சர்வீஸ், டிரைவர். எங்க ஆபீஸ்ல ஒரு ஆன்டிவைரஸை எடுத்தப்புறம் மூணு நாள் நெட் தகராறு. பார்த்தா, அதோட நெட்வொர்க் டிரைவர் மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கு. அதை எடுக்கன்னே அந்தக் கம்பெனி தளத்துல தனியா ஒரு கருவி, மூலையில ஒளிச்சு வச்சிருக்காங்க. ஆக, முழுசா எடுக்கத் தெரியும். அதை அன்இன்ஸ்டாலருக்குள்ளயே வைக்க என்ன கேடு?