அமெரிக்க மாப்பிள்ளையா? சம்பளம் அப்புறம், காகிதத்தைக் கேளுங்க!

"மாப்பிள்ளை அமெரிக்காவுல இருக்கார். தாலி கட்டின கையோட பொண்ணை ஸ்பான்சர் பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுவார்!"

மாம்பலம் முதல் தாம்பரம் வரை கல்யாணத் தரகர்கள் வாயில் அடிபடும் வசனம் இது. கேட்டதும் பெண்ணின் தகப்பனார் பூரித்துப் போகிறார். சம்பளம் எத்தனை டாலர், சொந்த வீடா, கார் உண்டா என்று துருவித் துருவி விசாரிக்கிறார்.

கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. மாப்பிள்ளை அங்கே எந்தக் காகிதத்தில் குடியிருக்கிறார் என்பதே அந்தக் கேள்வி.

பெண் சீக்கிரமே விமானம் ஏறுவாளா, தாலியோடு தாய் வீட்டில் வருஷக் கணக்கில் காத்திருப்பாளா என்பது அதற்கு வரும் பதிலில்தான் இருக்கிறது.

மூன்று ரகம்

அமெரிக்க மாப்பிள்ளைகளில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். இவருடைய மனைவிக்குக் குடியேற்ற விசா தருவதில் ஆண்டுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பு கிடையாது. மனு, பரிசீலனை, நேர்காணல் என்று ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் வரிசை இல்லை.

இரண்டாவது ரகம், கிரீன் கார்டுக்காரர். நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் அல்ல. இவர் மனைவிக்கு மனு போட்டால் உச்சவரம்பு உண்டு, வரிசையும் உண்டு. காத்திருப்பு சில வருஷங்கள் இழுக்கும். "அதுவரைக்கும் டூரிஸ்ட் விசாவுல போயிட்டு வரட்டுமே" என்றால் அதுவும் சிரமம். குடியேற மனு போட்டவர் திரும்பி வருவாரா என்று விசா அதிகாரி சந்தேகப்படுவார்.

இதில் ஒரு சூட்சுமம். வேலை மூலம் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தால், அதே மனுவின் பேரில் மனைவியும் போகலாம். கார்டு கிடைத்த பிறகு தாலி கட்டினால் மனைவிக்குத் தனி மனு, தனி வரிசை. ஆக, முகூர்த்தத் தேதி ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால்கூடக் குடும்பமே பிரிந்து கிடக்க நேரலாம்!

மூன்றாவது ரகம், எச்-1பி விசாக்காரர். இவர் யாரையும் ஸ்பான்சர் செய்ய முடியாது. இவரையே ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்திருக்கிறது! மனைவி எச்-4 விசாவில் கூடப் போகலாம். ஆனால் நினைத்தபடி வேலைக்குப் போக முடியாது. 2015-ல் வந்த விதிப்படி, கணவரின் கிரீன் கார்டு முயற்சி குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அவளுக்கு வேலை அனுமதி. கணவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜாமீன் கையெழுத்து!

'ஸ்பான்சர்' என்றதும் ஏதோ தான தர்மம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தானமல்ல, அசல் ஜாமீன்.

குடியுரிமைக்காரரும் கிரீன் கார்டுக்காரரும் மனைவியை அழைக்கும்போது 'ஐ-864' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்நாடு நிர்ணயிக்கும் வறுமைக் கோட்டைவிட கால் பங்கு கூடுதலாக வருமானம் காட்ட வேண்டும். 2025-ம் ஆண்டுக் கணக்கில் இருவர் குடும்பத்துக்கு இது சுமார் 26,437 டாலர். வருமானம் போதாவிட்டால் அங்கேயே குடியிருக்கும் வேறொருவர் கூட்டு ஜாமீன் போடலாம்.

சொசைட்டி கடனுக்கு நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட குமாஸ்தாக்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். இந்தப் பொறுப்பு விவாகரத்து ஆனாலும் தீராது! அழைத்து வரப்பட்டவர் குடியுரிமை பெற வேண்டும். அல்லது சுமார் 10 வருஷ வேலைக் கணக்கு சேர வேண்டும். அல்லது நாட்டை விட்டே நிரந்தரமாகப் போய்விட வேண்டும். இல்லையேல் இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். அதுவரை ஜாமீன் ஜாமீன்தான். கைவிடப்பட்ட மனைவி இதே காகிதத்தைக் காட்டிக் கோர்ட்டில் பராமரிப்புக் கேட்கலாம். மகளை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"நான் கையெழுத்துப் போடலேன்னா..."

கல்யாணமாகி 2 வருஷம் முடியும் முன் போய் இறங்கும் மனைவிக்கு முதலில் 2 வருஷ நிபந்தனை கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் வந்த சட்டம் இது. பொய்க் கல்யாணம் என்று நிரூபணமானால் 5 வருஷம் வரை ஜெயில், 2,50,000 டாலர் வரை அபராதம்.

ஆனால் உண்மையாகவே கட்டிக்கொண்டு போன பெண்ணை, "நான் கையெழுத்துப் போடலேன்னா நீ ஊருக்குத்தான்" என்று கணவன் மிரட்டினால்?

அதற்கும் வழி இருக்கிறது. கொடுமை நடந்தாலோ, உண்மையான கல்யாணம் விவாகரத்தில் முடிந்தாலோ அவள் தனியாகவே மனு கொடுக்கலாம். குடியுரிமைக்காரரோ கிரீன் கார்டுக்காரரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால், கணவனுக்குத் தெரியாமலே அவள் கிரீன் கார்டு கேட்க 1994-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. எச்-1பிக்காரரின் மனைவிக்கு அந்தப் பாதை இல்லை. காகிதத்தைக் கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அண்ணன் போட்ட மனு

"எங்க அண்ணன் எங்களுக்கும் மனு போட்டிருக்கார்" என்று இங்கே கடையை விற்க விலை பேசுகிறவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம்! உடன்பிறந்தாரை அழைக்கக் குடியுரிமைக்காரருக்குத்தான் உரிமை. அந்தப் பிரிவில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு சுமார் 65,000 விசா. 2025-ல் இந்தியர்களின் வரிசை 2006-ல் போட்ட மனுக்களில்தான் நின்றது. மனு போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை இதற்குள் 21-ஐ நெருங்கிவிடும். 21 தாண்டினால் பெற்றோரோடு போக முடியாது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை மட்டும் வயதில் கழித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது என்ன?

கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். மண்டபத்து ஆல்பம் ஆயிரம் இருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் மனு நகராது. ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் தூதரகம் இருக்கிறதே என்று நம்பியும் இருக்க வேண்டாம். குடியேற்ற விசா நேர்காணலுக்குப் பெரும்பாலும் மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஜாதகத்தோடு கூடவே கிரீன் கார்டு, பாஸ்போர்ட், விசா எதுவோ அதன் நகலையும் கேளுங்கள். கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்களே என்ற தயக்கம் வேண்டாம். சம்பளத்தைக் கேட்டபோது கோபிக்காதவர்கள், இதற்கு மட்டும் ஏன் கோபிக்க வேண்டும்? காட்ட மறுத்தால், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கு முன் இரண்டு நாள் யோசியுங்கள்!