வாங்கும்போதே கைரேகை எடுங்கள்

கோர்ட்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பதால், வழக்குக்காக வரும் பென்டிரைவ்களை அன்றாடம் பார்க்கிறேன். தகராறு நடந்த தெருவின் சிசிடிவி காட்சி, மிரட்டல் ஆடியோ, கடைக் கணக்கின் டேலி பேக்கப் என்று எல்லாம் வரும். கூடவே ஜூனியர் வக்கீல் ஒரு படிவத்தை நீட்டுவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் அது. ஃபைலின் ஹாஷ் மதிப்பு என்ன, எந்த முறையில் எடுத்தது என்று அதில் எழுத வேண்டும். “அண்ணே, அந்த நம்பரை மட்டும் போட்டுக் கொடுங்க” என்பார்.

போட்டுக் கொடுப்பது சுலபம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, செர்ட்யூட்டில் -hashfile என்ற கட்டளையோடு ஃபைலின் பெயரையும் ஷா256 என்பதையும் சேர்த்துத் தட்டினால், எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் வந்து விழும். அதுதான் அந்த ஃபைலின் கைரேகை. ஃபைலின் பெயரை மாற்றினால் அது மாறாது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் மொத்தமாக மாறிவிடும். இதற்கென்று தனியாக எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

என் கவலையெல்லாம் அதை எப்போது எடுக்கிறார்கள் என்பதுதான். சம்பவம் நடந்து மாதக்கணக்காகி, பல கை மாறி வந்த பென்டிரைவில் இன்று ஹாஷ் எடுத்தால், இன்றிலிருந்து அது மாறவில்லை என்று மட்டுமே காட்ட முடியும். நேற்றுவரை யார் என்ன செய்தார்கள் என்று அது சொல்லாது. டிவிஆரிலிருந்து காட்சியை இறக்கிய இடத்திலேயே, கடைக்காரர் முன்னிலையிலேயே ஹாஷ் எடுத்து, 64 குறிகளையும் மகஜரில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மகஜர் எழுதவே நேரமில்லை என்பார்கள். முழு ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்தால் மணிக்கணக்கில் ஆகும், உண்மைதான். பத்து நிமிடக் காட்சிக்கு அந்தச் சாக்கு செல்லாது.

அதே காட்சியை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், ஹாஷும் வேறாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படிவத்தில் ஷா1, எம்டி5 என்ற ஹாஷ் முறைகள் இரண்டுக்கும் இடம் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரே எம்டி5 மதிப்புள்ள இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று சீனாவின் வாங் சியாவ்யுன் குழு 2004-லேயே காட்டிவிட்டது. 2017-ல் கூகுளும் நெதர்லாந்தின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா1 கொண்ட இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. வேறொருவரின் ஃபைலுக்கு இப்படி ஜோடி செய்துவிட முடியாதுதான். ஆனால் இரண்டையும் ஒருவரே தயாரித்து, ஒன்றைக் காட்டி மற்றதைக் கொடுக்க வழி இருக்கிறதே. ஷா256 கைவசம் இருக்கும்போது அந்த வழியை ஏன் திறந்து வைக்க வேண்டும்?

டேட்டாபேஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் உரையாடல்கள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸாக இருக்கின்றன. எஸ்க்யூலைட் ஃபைலைச் சும்மா திறந்து மூடினாலே, பக்கத்தில் ‘வால்’ என்ற துணை ஃபைலில் காத்திருக்கும் பதிவுகள் பிரதான ஃபைலுக்குள் சேர்ந்துவிடக்கூடும். ஒரு மெசேஜ்கூட மாறியிருக்காது, ஹாஷ் மட்டும் மாறியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். அதனால் திறப்பதற்கு முன்பே இரண்டு ஃபைலுக்கும் தனித்தனியாக ஷா256 எடுத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். அந்த நகலில் எஸ்க்யூலைட்டின் சொந்தக் கட்டளையான ஷா3சம்-ஐ ஓட்டினால், ஃபைல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, உள்ளடக்கத்துக்கு மட்டும் ஹாஷ் தரும். பதிவுகள் பிரதான ஃபைலில் சேர்வதற்கு முன்னும் பின்னும் அது ஒன்றாகவே இருக்கும்.

ஜூனியர்களுக்கும் காவல் நிலைய எழுத்தர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மாலை நேரம் போதும். எங்கள் ஊர் வக்கீல் சங்கம் இடம் கொடுத்தால் நானே வந்து சொல்லித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.