கணினி கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

"இனிமேல் கம்ப்யூட்டர் படிச்சு என்னங்க பண்றது? எல்லாத்தையும் ஏ.ஐ.யே பார்த்துக்குமுங்க."

கிணத்துக்கடவு தக்காளி மண்டியில், பொள்ளாச்சி ரோட்டு டீக்கடைகளில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கு போனாலும் இதே பேச்சு. பிளஸ் ஒன் சேர்க்கையின்போது கணினி அறிவியல் கேட்கும் பிள்ளையின் காதிலும் இதையே ஓதுகிறார்கள். 2024 பிப்ரவரியில் துபாய் உலக அரசுகள் மாநாட்டில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், யாருமே புரோகிராம் எழுதத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதுதான் தங்கள் வேலை என்ற பொருளில் பேசினார். அவர் ஏ.ஐ.க்கான சிப் விற்கிறவர். அவர் சொன்னதை நம்பி நம் வீட்டுப் பிள்ளை ஏன் புத்தகத்தை மூட வேண்டும்?

இனி கணினி படிக்க வேண்டாம் என்ற இந்த நம்பிக்கை தவறு. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது அநியாயமும்கூட.

ஏன் தவறு என்பதை நம் பக்கத்துப் பட்டறையிலேயே பார்க்கலாம். கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குப் போகிற வழியில் மலுமிச்சம்பட்டி, ஈச்சனாரி, குறிச்சி சிட்கோ என்று வரிசையாகப் பட்டறைகள். பம்புக்கும் மோட்டாருக்கும் பாகங்கள் கடைகிற, கணினிக் கட்டளையில் இயங்கும் சி.என்.சி. லேத்துகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த மெஷினுக்கும் புரோகிராம் வேண்டும். இன்று செல்போனில் கேட்டால் ஏ.ஐ. அரை நிமிடத்தில் எழுதித் தருகிறது. ஒரு வார்ப்பு இரும்பு ஜாபுக்கு, அதாவது கடைய வேண்டிய துண்டுக்கு, ஃபேஸிங் போட்டு முகப்பைச் சமனாக்க வேண்டும் என்று வையுங்கள். அதில் ஜி96 என்று ஒரு வரி வரும். டூல் வெட்டும் இடத்தில் வேகம் மாறாமல் இருக்க, டூல் நடுவை நோக்கிப் போகப் போக ஜாபின் சுழற்சியைக் கூட்டச் சொல்லும் கட்டளை அது. நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று கொடுத்தால், 100 மி.மீ. விட்டத்தில் சுமார் 640 சுற்று சுற்றும். 10 மி.மீ.க்கு வரும்போது கணக்குப்படி 6,400 சுற்றைத் தொட வேண்டும். மெஷினால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கும் ஏறும். ஃபானுக் கன்ட்ரோலில் அதற்கு உச்சவரம்பு கட்டுவது ஜி50. அந்த ஒரு வரி விட்டுப்போனால், அல்லது அதில் எண் கூடிப்போனால், ஜாபைக் கவ்வியிருக்கும் சக்கின் பிடி தளர்ந்து ஜாப் தெறிக்கலாம். எதிரே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

திரையில் டூல் போகும் பாதையை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஜாபின் எடை எவ்வளவு, சக்கின் ஜா எத்தனை மில்லிமீட்டர் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் ஏ.ஐ.க்குத் தெரியாது. மெஷினைத் தயார் செய்யும் செட்டருக்குத்தான் தெரியும். எந்த வரியில் கண்ணை நிறுத்த வேண்டும் என்று கற்றவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே பிடித்துவிடுவார். "எழுதத் தெரிய வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும்" என்று சொல்பவர்கள் ஒரு நாள் அந்த மெஷின் முன் வந்து நிற்கட்டும்.

ஏ.ஐ. பெரும்பாலும் சரியாகத்தான் எழுதுகிறது. நாம் ஏமாறுவதும் அதனால்தான். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்துச் சோதித்தது. ஏ.ஐ. துணையோடு 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது. கைதேர்ந்தவர்களுக்கே கணக்குத் தப்புகிறது என்றால், அடிப்படையே படிக்காத பிள்ளை எதை வைத்துச் சரிபார்க்கும்?

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பல வீடுகளில் வயிற்றில் புளியைக் கரைத்தது. மாடு கறந்து, தேங்காய் போட்டு ஃபீஸ் கட்டுகிறவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தைக் காசாக்கத்தான் "மூன்றே மாதத்தில் ஏ.ஐ. நிபுணர்" என்று பேனர் கட்டுகிறார்கள். படிக்கவே வேண்டாம் என்பவரும் மூன்று மாதம் போதும் என்பவரும் சொல்வது ஒன்றுதான்: அடிப்படை தேவையில்லை. இரண்டையும் நம்பாதீர்கள்.

கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு படித்தா சாதித்தார் என்று கேட்பவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தைத்தான் அவர் பாதியில் விட்டார், கற்பதை விடவில்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித்தான் அது ஓடும் விதத்தைத் தெரிந்துகொண்டார். 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயரைச் சொல்லி, கற்க வேண்டாம் என்று யாரும் வாதாடக் கூடாது.

நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகத்திலேயே பைத்தான் இருக்கிறது. பிள்ளை முதலில் தன் கையால் எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் என்ன விடை வரும் என்று நோட்டில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு அதே கணக்கை ஏ.ஐ.யிடம் கேட்டு, எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று தேடட்டும். அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது பூட்டிக் கிடந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். அடுத்த சேர்க்கையில் உங்கள் மகளோ மகனோ கணினி அறிவியல் வேண்டும் என்றால், டீக்கடைப் பேச்சைக் கேட்டு மறுக்காதீர்கள். சேர்த்துவிடுங்கள்.