கோவை அறைக்குள் மாணவர்கள் இறங்கட்டும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தீ ஓரிரவில் செய்ததைக் கறையானும் ஈரமும் ஓசையின்றிச் செய்யக்கூடியவை. ஒழுங்கீனமும் அவ்வாறே. எங்கிருக்கிறது என்று எவருக்கும் தெரியாத கோவை, அழிந்த கோவைக்குச் சமம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தன் பதிவேடுகளைப் பட்டியலிட்டுச் சுட்டியுடன் பேண வேண்டும் என்கிறது. புதிய பதிவேடுகளை ஆகக்குறைந்தது 12 ஆண்டுகள் காக்கவும் பணிக்கிறது. அதைச் செய்யும் கைகள் எங்கே?

ஆவண முகாமைத்துவத்தைப் பட்டப்பின் படிப்பாகப் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதேச செயலகத்தின் கோவை அறையைச் செயற்றிட்டமாகக் கொடுக்கலாம். கோவைகள் உருவான ஒழுங்கைக் குலைக்காது பட்டியலிடுவதும், எதைப் பேணுவது, எதைக் கழிப்பது என மதிப்பிடுவதும் விரிவுரை மண்டபத்தில் கைவருவன அல்ல.

ஆனால், பயிற்சி என்ற பெயரில் அவர்களைக் கூலியில்லா எழுதுவினைஞர் ஆக்கலாகாது. மாதாந்தப் படியும் துறையறிந்த மேற்பார்வையாளரும் வேண்டும். முடிவில், மக்கள் பயன்படுத்தக்கூடிய பட்டியல் ஒன்று அங்கே எஞ்ச வேண்டும்.

இடம்பெயர்ந்து மீண்டவர் தம் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பெறுவது அந்தப் பட்டியலிலேயே தங்கியிருக்கிறது.