தேதி யார் கையில்?

டாக்டருக்குப் படிப்பவன் மேற்படிப்புத் தேர்வை எப்போது எழுதினால் நமக்கென்ன, அது மாடி வீட்டுக்காரர் கவலையன்றோ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அல்ல தோழர்களே, அது நம் வீட்டுக் கவலை! 1954-ல் மதுரையிலே மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின், உசிலம்பட்டிப் புன்செய்க் காட்டிலிருந்தும் மேலூர் வயலிலிருந்தும் எத்தனையோ உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்து டாக்டரானார்கள். இன்று அவர்கள் முன் நிற்பது வேறொரு மதில்.

நாலரை ஆண்டு படிப்பு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இராசாசி மருத்துவமனையில் அந்த ஓராண்டு எப்படி ஓடும் என்பதை, நள்ளிரவில் அங்கே நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அறிவார்கள். இரத்தம் எடுக்கவும், பிரசவ வார்டில் கண் விழிக்கவும் அந்த இளைஞர்களே முன் நிற்கிறார்கள். இதற்கிடையில், மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு விடை குறிக்கும் ‘நீட் பி.ஜி.’ தேர்வுக்கும் படித்தாக வேண்டும். பயிற்சியில் இருக்கும்போதே எழுதுவதா, பயிற்சியை முடித்து ஓராண்டு வீட்டிலிருந்து படித்து எழுதுவதா?

வசதியுள்ளவனுக்கு இரண்டும் வழிதான். தகப்பன் பஸ் கண்டக்டர், தாய் மல்லிகை தொடுப்பவள், தங்கை கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாள் என்றால்? பட்டம் பெற்ற பிள்ளை சம்பளமின்றி ஓராண்டு உட்கார முடியுமா?

சரி, எப்படியோ கணக்குப் போட்டு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தேதி அவன் கையிலா இருக்கிறது? டில்லியில் இருக்கிறது! 2021 ஏப்ரல் 18 என்றார்கள்; செப்டம்பர் 11-ல் நடத்தினார்கள். கலந்தாய்வு தொடங்கியதோ 2022 ஜனவரி 12-ல். அடுத்த தேர்வைத் தள்ளி வையுங்கள் என்று மாணவர்கள் மன்றாடினர்; மாட்டோம் என்று அதே ஆண்டு மே 21-லேயே நடத்தினார்கள். 2023-ல் பயிற்சியை முடிக்க வேண்டிய கடைசி நாளை மார்ச் 31, ஜூன் 30, ஆகஸ்டு 11 என்று நகர்த்திக்கொண்டே போனார்கள். தேர்வை மட்டும் மார்ச் 5-லிருந்து அசைக்கவில்லை. 2024-ல் நடந்ததுதான் கொடுமை. மார்ச் 3, பிறகு ஜூலை 7, பிறகு ஜூன் 23. அந்த ஜூன் 23-ம் முந்திய நாள் இரவில் ஒத்திவைக்கப்பட்டது! இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத இருந்த தேர்வு. வெளியூர் போய் லாட்ஜில் தங்கியிருந்தவனுக்கு வண்டிச் சத்தம் யார் கொடுத்தது? கடைசியில் ஆகஸ்டு 11. மறு ஆண்டும் ஜூன் 15 என்று குறித்த தேர்வு, இரு வேளையாக நடத்தாதே, ஒரே வேளையில் நடத்து என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின் ஆகஸ்டு 3-க்குப் போயிற்று.

அமெரிக்காவைப் புகழ்வது நம் வழக்கமன்று. ஆனால் அங்கே உரிமத் தேர்வு எழுதுபவர், தமக்குரிய மூன்று மாதக் கெடுவுக்குள் இடமுள்ள ஒரு நாளைத் தாமே தேர்ந்துகொள்கிறார். மருத்துவமனைப் பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பம் போவது செப்டம்பரில் என்பதும் முன்னமே தெரியும். ஆகவே மே மாதமா, ஜூலையா என்று அவரால் கணக்குப் போட முடிகிறது. கட்டணம் கழுத்தை நெரிக்கும். அது வேறு கதை.

இங்கே என்ன செய்தார்கள்? டாக்டராகப் பதிவு செய்யும் உரிமத்துக்கும் மேற்படிப்புக்கும் சேர்த்து ‘நெக்ஸ்ட்’ என்ற ஒரே தேர்வு என்று 2019-ல் சட்டம் போட்டார்கள். 2023-ல் விதிகள் வந்தன, முதலமைச்சர் ஸ்டாலின் எதிர்த்துக் கடிதம் எழுதினார், மாணவர்களும் எதிர்த்தனர், ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். இன்று தேதி மாறினால் மேற்படிப்புதான் தள்ளிப் போகிறது. அந்தத் தேர்வு வந்தால் பிழைப்பே தள்ளிப் போகும்.

தமிழ்நாட்டிலே ஒரு பாதை நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் 50 விழுக்காடு ஒதுக்கீடு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்டு 31-ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சம்பளமும் வரும், படிக்கவும் செய்யலாம். காத்திருக்க இயலாத வீட்டுக்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. ஆனால் அவனும் அதே டில்லித் தேர்வைத்தான் எழுதியாக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது: தேர்வு நாளை ஓராண்டுக்கு முன்பே அறிவியுங்கள், தேர்வு நாளும் பயிற்சிக் கெடுவும் ஒன்றையொட்டி ஒன்று நகரட்டும், முந்திய இரவில் ஒத்திவைத்தால் வழிச் செலவைத் திருப்பிக் கொடுங்கள். கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்கி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். போகும்போது, பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்திருக்கும் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள்.