கணக்கைத் திறந்தால் ஊர் கலையாது

லைட்ஹவுஸ் குப்பம் போன்ற பழவேற்காட்டு மீனவ ஊர்களில் ஊராட்சி நிர்வாகத்தை இன்னும் வெளிப்படையாக நடத்த வேண்டும் என்று யார் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு வரவு செலவுக் கணக்கு புரியாது. மீனவர்களின் மரபான ஊர்ப் பஞ்சாயத்து இருக்கும்போது கிராம சபை வெறும் சடங்கு. கணக்கைப் பொதுவில் வைத்தால் சண்டை மூண்டு வேலை நின்றுவிடும். தீர்மானம் போட்டாலும் மேலே யாரும் கேட்கப்போவதில்லை. மக்கள் தரப்பில் கேட்பதோ மிக எளிய காரியங்கள். ஊராட்சியின் வரவு செலவைக் குப்பந்தோறும் பலகையில் எழுதி வையுங்கள். கிராம சபைத் தீர்மானங்களைக் கூட்டம் கலையும் முன் வாசித்துக் காட்டுங்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்று அடுத்த கூட்டத்தில் முதலில் சொல்லுங்கள். இவற்றை மறுக்கச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

முதல் காரணம், மக்களுக்குப் புரியாது என்பது. பழவேற்காடு ஏரியின் பாடு முறையை அறிந்தவர் இதைச் சொல்லத் துணியமாட்டார். எந்த நாளில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் வலை போடுவது என்பதை ஊரார் முன்னிலையில் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. யாருக்கு எப்போது முறை வரும் என்பது அதில் உரிமையுள்ள எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு நுட்பமான பங்கீட்டைத் தாங்களே நடத்துகிறவர்களுக்குத் தெருவிளக்குச் செலவு புரியாமல் போகுமா? பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் குழாயில் தண்ணீராக வந்ததா என்று சொல்லக்கூடியவர்கள் குடம் தூக்கும் பெண்கள்தான். கணக்கு இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தலைப்புக் குறியீடுகளாக இணையத்தில் கிடக்கும் கணக்கைத் தெருமுனைப் பலகையில் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தால்தான் அது ஊருக்குத் தெரிந்த கணக்காகும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் மனுப்போடாமலேயே அரசு அமைப்புகள் இத்தகைய விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது.

இரண்டாவது காரணத்தில் பாதி உண்மை உண்டு. கடலில் எழும் தகராறுகளைத் தீர்ப்பதிலும் பேரிடர் வேளையில் ஊரைத் திரட்டுவதிலும் ஊர்ப் பஞ்சாயத்தின் இடம் பெரியது. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் வழக்கப்படி அதில் உட்காருகிறவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள். மீன் விற்றுக் குடும்பத்தைக் காக்கும் பெண்களுக்கும், ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்களுக்கும் அங்கே குரல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். 2016-இல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 50 விழுக்காடாகவும் உயர்ந்தது. எல்லாருடைய பேரிலும் வரும் பணத்துக்கு எல்லாரும் இருக்கும் சபையில்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கைத் திறந்தால் சண்டை வரும் என்பது மூன்றாவது. பூட்டி வைத்த கணக்கைச் சுற்றித்தான் வதந்தி வளர்கிறது. பழவேற்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான இளங்கோ ரங்கசாமி, கிராம சபையைக் கூட்டி ஊராட்சிப் பணிகளை வெளிப்படையாக நடத்தினார். வடிகால் கட்டுவதற்கு மலிவான கல் துண்டுகளைப் பயன்படுத்தியதை விதிமீறல் என்று சொல்லி அதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தபோது, நடந்ததெல்லாம் தெரிந்த கிராம சபை அவர் பக்கம் நின்றது. அவர் பதவிக்குத் திரும்பினார். ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் கூட்டிய பொது விசாரணைகளில் ஊர்ப்பணிக் கணக்குகள் உரக்க வாசிக்கப்பட்டன. சச்சரவு எழத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூட்டங்களிலிருந்து வளர்ந்த இயக்கம்தான் நாட்டுக்குத் தகவல் உரிமைச் சட்டம் கிடைக்க வழி செய்தது. நேர்மையான தலைவருக்குத் திறந்த கணக்கே காவல்.

தீர்மானத்தால் பயனில்லை என்பது கடைசிக் காரணம். கிராம சபைத் தீர்மானம் எல்லாத் திட்டங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது மெய்தான். ஆயினும் மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பர் 23 அன்று அங்கும் சுற்று ஊராட்சிகளிலும் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் போராட்டம்தான் அதைச் சாதித்தது. அந்தப் போராட்டத்துக்கு எழுத்து ஆதாரம் தந்தவை கிராம சபைகள். பழவேற்காட்டுக்கு இந்தப் பாடம் அவசரமானது. பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. அது மறுபடி அறிவிக்கப்பட்டால், தீர்மானப் புத்தகத்தில் ஒழுங்காகப் பதிவான ஊர்களின் சொல்லுக்கு எடை கூடும்.

மக்கள் கூட்டத்துக்கு வருவதில்லையே என்ற குறை ஒன்று மிஞ்சுகிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்களை அரசு குறித்திருக்கிறது. படகு கரை சேர்ந்து மீன் விற்று முடியும் நேரம் பார்த்துக் கூட்டினால், அதற்கு முன் குப்பம் வாரியாகப் பேசிக்கொண்டால், கூட்டம் சேரும். திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர்கள்தான் அந்தச் சபை. ஆகவே அடுத்த கிராம சபையில் குப்பத்து மக்கள், குறிப்பாகப் பெண்கள், எழுந்து நின்று கணக்குப் பலகையையும் பழைய தீர்மானங்களின் நிலையையும் கேட்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.