பின்பால்: அதிர்ஷ்டமா, திறமையா?

சாய்வான ஒரு மேஜை, மேலே கண்ணாடி. உள்ளே 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு ஒன்று ரப்பர் வளையங்களில் மோதி மோதிக் கீழே இறங்குகிறது. இதுதான் பின்பால் விளையாட்டு. 1942-இல் நியூயார்க் நகரம் இதைச் சூதாட்டம் என்று தடை செய்தது. பள்ளிச் சிறுவர்களின் காசைப் பறிக்கிறது என்பது மேயர் லாகார்டியாவின் குற்றச்சாட்டு. அவரே சம்மட்டி எடுத்து இயந்திரங்களை உடைத்தார்!

அன்றைய தடையில் ஓரளவு நியாயம் இருந்தது என்றே நான் சொல்வேன். அக்காலத்தில் வில்லை இழுத்துக் குண்டை ஏவிவிட்டால் ஆட்டக்காரரின் வேலை பெரும்பாலும் முடிந்தது. மேஜையை இலேசாக இடித்துக் குண்டைத் திருப்பலாம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு காவலாளி உண்டு. உலோக வளையம் ஒன்றின் நடுவே ஊசல் குண்டு ஒன்று தொங்கும். பலமாக இடித்தால் ஊசல் வளையத்தைத் தொடும், மின்சுற்று பூர்த்தியாகும், ஆட்டம் போச்சு.

1947-இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. ஹாரி மாப்ஸ் அதில் ஆறு பிளிப்பர்களை வைத்தார். பிளிப்பர் என்பது பொத்தானை அமுக்கினால் மின்காந்தத்தால் துள்ளும் சிறு மட்டை. குண்டு மட்டையின் எந்த இடத்தில் இருக்கும்போது அமுக்குகிறீர்களோ, அதைப் பொறுத்துக் குண்டு போகும் திசை மாறும். இது அதிர்ஷ்டம் அல்லவே!

பின்னாளில் வந்த பிளிப்பரின் மின்சுருளைப் பாருங்கள். அதில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பிச் சுற்றுக்கு மின்தடை குறைவு. மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து மட்டையை வேகமாக இழுக்கும். மெல்லிய கம்பிச் சுற்றை ஒரு ஸ்விட்ச் குறுக்கே இணைத்து ஒதுக்கி வைத்திருக்கும். மட்டை மேலே போய்ச் சேர்ந்ததும் அதுவே அந்த ஸ்விட்சைத் திறந்துவிடும். இப்போது இரண்டு சுற்றுகளும் தொடராக இணைகின்றன, மின்னோட்டம் குறைகிறது. பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாலும் சுருள் கருகாது. அதனால் குண்டை மட்டையில் ஏந்தி நிறுத்தி, குறி பார்த்து அடிக்கலாம். கம்ப்யூட்டர் இல்லை, டிரான்சிஸ்டர்கூட இல்லை. ஓம் விதி ஒன்றே போதும். இதைச் சூதாட்டக் கருவி என்றால் கேரம் பலகையையும் உடைக்க வேண்டியதுதான்.

ஆனாலும் தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர சபையினர் முன் விளையாடிக் காட்டினார். "குண்டு நடு வழியில் இறங்கும்" என்று சொல்லிவிட்டு வில்லை இழுத்தார்; அப்படியே இறங்கியது. தடை நீங்கியது.

நீங்கியது சரி. நீக்கிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு முயற்சியை நிரூபணம் என்று உங்கள் பௌதிக ஆசிரியர் ஏற்பாரா? பழகியவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் அதே இயந்திரத்தில் ஐம்பது ஐம்பது ஆட்டம் ஆடவிட்டு, இருவரின் புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்திருக்க வேண்டும்.